செட்டை விட்டவன்

"இனிமே நாம சேர்ந்து சுத்த வேணாம். நீ உன் வழியப் பாரு, நான் என் வழியப் பாக்குறேன்."

கண்ணாடி முன் நின்று நாலாவது தடவையாக இதைச் சொல்லிப் பார்த்தான் அபி. மூன்று வருடப் பழக்கத்தை ஒரே சாயங்காலத்தில் வெட்டிவிடுவது லேசான காரியமா?

அடுக்களையிலிருந்து அவன் அம்மா அமிர்தவல்லி எட்டிப் பார்த்தாள். "யாருடா அந்தப் பொண்ணு?"

"பொண்ணா இருந்தா எதுக்கும்மா இவ்ளோ பயப்படப் போறேன்? இனியவன்கிட்ட சொல்லணும்."

இனியவன், 'டூப்ளே செட்'டின் தலைவன். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே கடற்கரைச் சாலையில் டூப்ளே சிலைக்குக் கீழே நாலு பேர் கூடித் தொடங்கிய செட் அது. நாலு பேர் கையிலும் ஒரே மாதிரி செப்புக் காப்பு. ஒருத்தன் கட் அடித்தால் நாலு பேரும் கட் அடிக்க வேண்டும். ஒருத்தன் மட்டும் தனியாகப் புத்தகத்தைத் தொட்டால் அது துரோகம்.

கேன்டீனில் ஜூனியர் பையன்கள் எழுந்து இடம் விட்டார்கள். கல்லூரிப் பேருந்தின் கடைசி சீட்டில் வேறு யாரும் உட்காரத் துணியவில்லை. இந்த மரியாதையோடு சேர்த்து அபிக்கு ஐந்து அரியரும் கிடைத்திருந்தன.

இப்போது கடைசி வருடம். அரியர் இருந்தால் எந்தக் கம்பெனியும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடாது. சோப்புக் கம்பெனியில் நின்றபடியே பேக்கிங் செய்யும் அமிர்தவல்லியோ, "அடுத்த வருஷம் எம்மவன் இன்ஜினியரு" என்று அங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

மூலக்குளத்தில் பேருந்து ஏறிக் கடற்கரைக்குப் போனான் அபி. சூடாக நாலு பொட்டலம் சுண்டல் வாங்கிக்கொண்டான். வெறும் கையோடு போய் இதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

சிலைக்குக் கீழே இனியவன், பாரதி, வேம்பு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பொட்டலங்களைக் கொடுத்துவிட்டு, கண்ணாடி முன் பழகியதையெல்லாம் மறந்துபோய், "நான் படிக்கணும்டா. செட்டுல இருந்து வெலகிக்கிறேன்" என்று உளறிக்கொட்டினான்.

பாரதி கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்போ நாங்கல்லாம் வெட்டிப் பசங்க, நீ மட்டும் உருப்படப் போற, அதான?" என்றான் வேம்பு.

இனியவன் சுண்டலை ஒன்று விடாமல் தின்று முடித்து, காகிதத்தைக் கசக்கினான். "இன்னாடா பெரிய படிப்பு? அந்தக் கணக்குப் பேப்பர்ல மூணாவது யூனிட்ட மட்டும் ஒழுங்காப் போட்டாலே பாஸு. அதுக்காகக் கூடப்பொறந்தவங்க மாதிரி இருக்கிறவங்கள விட்டுட்டுப் போவியா?"

அபி தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க மூணு பேர்ல ஒருத்தன்கூட இப்படி முதுகுல குத்த மாட்டான்டா. காப்பக் கழட்டி வச்சிட்டுப் போயிக்கினே இரு."

கழற்றி வைத்துவிட்டு நடந்தான். அன்று அம்மா ஆசையாகப் பொரித்து வைத்த வஞ்சிரம் மீன்கூட அவனுக்கு இறங்கவில்லை. கொலை செய்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் உப்பளம் பகுதிக்குப் போய்விட்டான். 'அரியர் கணக்கா? கவலை வேண்டாம்' என்று மின்கம்பத்தில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து, இரண்டு நாள் முன்பே அங்கே டியூஷன் எடுக்கும் செந்தமிழ்ச்செல்வி மேடத்திடம் போனில் பேசி வைத்திருந்தான். மாடிப்படி ஏறினான். வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே சாக்பீஸ் தேய்க்கும் சத்தம்.

கதவைத் தள்ளினான்.

முதல் பெஞ்சில், செட்டில் யாருமே பார்த்திராத ஒரு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்கேல் வைத்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தான் இனியவன்.

நிமிர்ந்து பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரே தாவலில் வந்து, அபியின் சட்டையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துப் போனான்.

"எத்தினி நாளாடா?" என்றான் அபி.

"ஒன்றரை மாசமா வர்றேன். நான் தலைவன் மச்சான். நானே போயி படிக்கணும்னு எப்படிடா சொல்றது?"

"நேத்து என்னைத் துரோகி ரேஞ்சுக்குப் பேசினியேடா."

"பேசலன்னா அவனுங்களுக்குச் சந்தேகம் வந்துடாதா?" இனியவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டான். "உன் கால்ல வேணா விழறேன்டா. பாரதிக்கும் வேம்புக்கும் மட்டும் இது தெரியவே கூடாது. செட்டு மேல உசுரையே வச்சிருக்கானுங்க. தெரிஞ்சா மனசு ஒடைஞ்சி பூடுவானுங்க."

அபிக்குப் பாவமாகிவிட்டது. சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தான்.

பின்னால் யாரோ செருமினார்கள். சாக்பீசும் கையுமாகக் கதவருகே நின்றிருந்த செந்தமிழ்ச்செல்வி மேடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"சாயங்கால பேட்ச்ல பாரதியும், ஞாயித்துக்கிழமை பேட்ச்ல வேம்பும் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு இதேதாம்பா சொல்லி வச்சிருக்காங்க."