நல்ல அரிசிக்குச் சாட்சி

உணவுச் சோதனை இலாகா வாங்கும் பணத்துக்கு வேலை செய்கிறதா என்று விசாரிக்க, சட்டசபைத் துரை மலாயாவின் செமோர் ரப்பர் தோட்டத்துக்கு வந்திருந்தார். ஒரே ஒரு கூலி குறை சொன்னாலும் இலாகாவைச் சபையில் நிறுத்திக் கேட்பேன் என்றிருந்தார்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு அரிசி அளந்து கொடுக்கும் கங்காணி பக்கத்திலேயே நின்றார்.

மொழிபெயர்க்க வந்த ஆபீஸ் கிராணி, யாழ்ப்பாணத்து வைத்திலிங்கம், முன்னால் நின்ற வீராயியைக் கேட்டார். "பயப்பிடாமச் சொல்லு பிள்ளை. போன கிழமை கங்காணி உனக்குக் குடுத்த அரிசி எப்பிடி?"

"நல்ல அரிசிங்கய்யா. புழு இல்ல, கல்லு இல்ல. எம் மவன் வாயில நானே போட்டேன்."

வைத்திலிங்கம் மகிழ்ச்சியோடு அதை அப்படியே மொழிபெயர்த்தார். துரை 'குறையில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

"மகன் எங்க, வேலைக்கோ?" என்று வீராயியைக் கேட்டார் வைத்திலிங்கம்.

வீராயி ரப்பர் மரங்களுக்கு அப்பால் கையைக் காட்டினாள்.

"அங்கதான்யா பொதைச்சோம். மாசமெல்லாம் புழுத்த அரிசியத் தின்னு, வயித்தால போயே செத்தான். வாய்க்கரிசியாவது நல்லதாப் போடணும்னு கங்காணி கால்ல விழுந்தேன். அவரு வீட்டு அரிசியில ஒரு பிடி குடுத்தாரு."

வைத்திலிங்கம் கார் போன பாதையைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் தொரைகிட்ட சரியாத்தானேய்யா சொன்னேன்?" என்றாள் வீராயி.