தம்பதிகளுக்கு மட்டும்

மாமல்லபுரத்தில் அது ஐந்தாவது லாட்ஜ். யாமினிக்குக் கால் கெஞ்சியது.

“கல்யாண சர்டிபிகேட் எங்க கீது?” மேனேஜர் திருவேங்கடம் முறைத்தார். “தாலி கடையிலகூட விக்கிது.”

மோகன் யாமினியிடம் சீறினான். “எடுத்து வையின்னு சொன்னேன்ல? மண்டையில இன்னா களிமண்ணா?”

“உன்னைக் கட்டிகினேன் பாரு, களிமண்ணுதான்! ஊரப்பாக்கத்துலேர்ந்து அந்த ஓட்ட பைக்ல வந்து இடுப்பே போச்சு. மூஞ்சியப் பாரு!”

“அப்படியே உங்கம்மா மாதிரியே பேசுற!”

“எங்கம்மாவை இழுத்தா, அவ்ளோதான்!”

திருவேங்கடம் நிம்மதியாகச் சாவியை நீட்டினார். “புருஷன் பொண்டாட்டியேதான். மேல போய் அடிச்சிக்கங்க.”

அறைக்கதவைச் சாத்தியதும் மோகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். யாமினி சிரித்தாள். திருப்போரூர்க் கோயிலில் தாலி கட்டி இன்னும் ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. முந்தைய நான்கு லாட்ஜுகளிலும் அவர்கள் கைகோத்துச் சிரித்தபடிதான் அறை கேட்டிருந்தார்கள்.