அடியில் படிந்தது

"ஏம்மா, பால்ல சாக்பீஸ் தூள் கலக்குறியா?"

சுப்பராயலு போட்ட சத்தத்தில் சிதம்பரத்து அந்தச் சின்னத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். சும்மா சொல்ல மாட்டார்.

பால்காரி கொளஞ்சியம்மாள் கேனோடு நின்றாள்.

"டம்ளர் அடியில பாரு, வெள்ளையா மண்டி! பாலுங்கறது கூழ்மம். இப்படி அடியில படியாது. படிஞ்சா அது தொங்கல், கரையாத தூள் கலந்த கலவை. எதையோ கலந்திருக்கே!"

மனைவி பவானி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கொளஞ்சியம்மாள் முந்திக்கொண்டாள். "வுடுங்க சார். நாளைக்கு நல்ல பாலா கொண்டாறேன்."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டா!"

எதிர்வீட்டுக் கண்ணாயிரம் அப்போதே சொல்லிவிட்டார். "எங்க வீட்டுக்கு இனிமே வேணாம்மா." பக்கத்து வீடுகளும் தலையாட்டின. ஒற்றைப் பசுவை நம்பிப் பிழைப்பவள்; முகம் செத்துப்போயிற்று.

வாத்தியார் அதோடு விடுவாரா? தெருவுக்கே பாடம் நடத்தக் கிளம்பினார். கேன் பாலில் ஒரு சொட்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டார். இருட்டறையில் வைத்து, அட்டை ஓட்டை வழியாக செல்போன் டார்ச்சை அடித்தார்.

தண்ணீருக்குள் வெளிச்சம் ஒரு கோடாக ஓடியது. "அடேங்கப்பா!" என்றது கூட்டம்.

காத்திருந்தார்கள். அடியில் ஒரு பொட்டுகூட இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடித் துளிகள், ஒன்றும் கீழே விழாமல் வெளிச்சத்தை ஏந்தி நின்றன. எத்தனையோ முறை நடத்திய பாடம்தான். இருந்தும் அவருக்கே மேல் சிலிர்த்தது.

"சுத்தமான பாலு," என்றார் மெதுவாக. "அப்போ என் டம்ளர்ல?"

"நாந்தாங்க," என்றாள் பவானி. "டாக்டர் குடுத்த சுண்ணாம்புச்சத்து மாத்திரை. பொடிச்சிக் கலந்தேன்."

"அதைத்தான் நான் தெனம் முழுங்கறேனே!"

"முழுங்கினீங்க! காலமெல்லாம் புடிச்ச சாக்பீஸ இப்ப தின்னவும் சொல்றானான்னு டாக்டர திட்டிட்டு, ஜன்னலுக்கு வெளிய இல்ல எறிஞ்சீங்க? அதைப் பொறுக்கியாந்து என் கையில குடுத்ததே கொளஞ்சிதான்."

தெரு சிரித்தது. சுப்பராயலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படியும் ஒரு மனுஷியா என்று கொளஞ்சியம்மாளையே பார்த்தார்.

"எல்லாம் தெரிஞ்சுமா திருட்டுப் பட்டத்த வாங்கிக்கிட்டு நின்னே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

கொளஞ்சியம்மாள் கேனை மூடினாள்.

"சொன்னா, நாளையிலேர்ந்து பாலையும் ஜன்னல் வழியா ஊத்திடுவீங்களே சார்!"