சர்வர் பார்க்க வந்தவன்

"மாசத்துக்கு ஒருக்கா வருவேன். சர்வர் வேலை முடிஞ்சதும் கிளம்பிடுவேன்," என்று சிவனேஸ்வரன் முன்பு சொன்னபோது, "அது போதும்லா," என்றிருந்தாள் குமுதா.

தேயிலைத் தோட்டத்திலிருந்த அவள் வீட்டில், அவன் சர்வராக மாற்றிக் கொடுத்த பழைய லேப்டாப்பில், கண்டெய்னர் எனும் தனி மென்பொருள் உறைக்குள் ஓடியது வீட்டு பாஸ்வேர்டுகளைக் காக்கும் பெட்டகம். இந்த மாதமும் பிரிஞ்சாங் நகரத்திலிருந்து வந்து அதைத் திறந்தவன் திகைத்தான்.

"புது வெர்ஷன் போட்டிருக்கு, பேக்கப்பும் எடுத்திருக்கு. யாரு செஞ்சது?"

"நான்தான். இதுக்காக நீங்க வர வேணாம்னு கத்துக்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு. இனிமே எனக்கு இங்க என்ன வேலை?" முகம் வாட எழுந்தான்.

ஒரு வருடமாகப் பிரிந்திருக்கும் கணவனின் பையைக் குமுதா வாங்கிக்கொண்டாள்.

"வேலை பார்க்க வேணாங்க. இங்கயே இருந்துடுங்க."