நேயர் கருத்து

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

டிவியில் அந்தக் குரல்.

காலை பதினொரு மணி. பழைய படங்கள் மட்டும் போடும் சேனல். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கெல்லாம் இனிமேல் வண்ணம் பூசிப் போடலாமா என்று நேயர்களிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாதிரிக்கு ஒரு காட்சியை வண்ணம் பூசியும் காட்டினார்கள்.

மதுரைக்காரர் ஒருவர், "கலர்லயே போடுங்க. அப்பத்தான் வீட்ல மத்தவங்களும் உக்காந்து பாப்பாங்க" என்றார்.

சேலத்து டீச்சர் ஒருத்தி, கலர் கிடக்கட்டும், முதலில் படத்தை வெட்டாமல் போடுங்கள், பாட்டுக்கு நடுவில் சோப்பு விளம்பரம் எதற்கு என்று கோபித்துக்கொண்டாள். நல்லாக் கேளு என்று இவளும் தலையாட்டினாள்.

மூன்றாவதாக வந்ததுதான் அந்தக் குரல்.

"பேர் சொல்லுங்கம்மா."

"மயிலாத்தாளுங்க. ஓசூர்ல இருந்து பேசறனுங்க."

அக்கா.

கேட்டு ஒன்பது வருடம் ஆகிறது.

"கலர் வேண்டாமுங்க. இப்பக் காட்டுனீங்களே, அந்தப் படத்தை நானும் என்ற தங்கச்சியும் காங்கயத்துல பார்த்தோமுங்க. அந்தப் பொண்ணு கட்டியிருந்த சேலை எனக்கு அரக்குங்க. அவளுக்குப் பச்சை. வீடு வந்து சேர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டோம். இத்தனை வருசமா அவ பச்சை அவகிட்ட இருந்துச்சு, என்ற அரக்கு எங்கிட்ட இருந்துச்சு. நீங்க நீலத்தை அடிச்சு வெச்சுட்டீங்க."

தொகுப்பாளினி சிரித்தாள். "தங்கச்சி என்னம்மா சொல்றாங்க?"



ஹலோ, ஹலோ என்றாள் தொகுப்பாளினி.

"அவளைக் கேட்டாத்தான் தெரியுமுங்க" என்றாள் அக்கா.

லைன் போய்விட்டது.

அப்போது அம்மா கரூரில், இவள் வீட்டில்தான் இருந்தாள். சாதாரணக் காய்ச்சல், இரண்டு நாளில் விட்டுவிடும் என்றார் டாக்டர். அக்காவை எதற்குப் பதறவைக்க வேண்டும் என்று இவள் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அம்மா போய்விட்டாள்.

மழை இருட்டிக்கொண்டு வருகிறது என்றார்கள் பெரியவர்கள். அக்கா ஓசூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். இவளால் தடுக்க முடியவில்லை.

அக்கா வாசலைத் தாண்டவில்லை.

"எனக்காக ஒரு மணி நேரம் வெச்சிருக்கக் கூடாதா, ருக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள். வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டாள்.

ருக்குமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். திரையின் அடியில் ஓடிய எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினாள்.

கொல்லையிலிருந்து அவள் கணவர் வந்தார்.

"யாருக்கு இத்தனை தடவை போடறே?"

"டிவிக்குங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வெங்காயத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உரிக்க ஆரம்பித்தார்.

ஏழாவது தடவை கிடைத்தது.

"டிவி சத்தத்தைக் குறைச்சுக்கோங்கம்மா. உங்க பேரு?"

"ருக்குமணி. கரூருங்க."

"உங்க கருத்து என்னம்மா?"

எவ்வளவோ சொல்ல வேண்டும் என்றுதான் அழுத்தினாள்.

"அது பச்சைதானுங்க" என்றாள்.

"எதும்மா?"

"சேலைங்க."

தொகுப்பாளினிக்குப் புரியவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி நேயர்களுக்கு நன்றி கூறினாள். அன்றைய படம் தொடங்கியது. கறுப்பு வெள்ளையில்தான்.

ருக்குமணி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். படத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பாட்டு ஆரம்பித்தபோது மணி அடித்தது.

பெயர் வரவில்லை. எண் மட்டும். பெயர் வேண்டியிருக்கவில்லை.

"ருக்கு."

"அக்கா."

சேலையைப் பற்றித்தான் பேசப் போகிறாள் என்று நினைத்தாள். சண்டை போடட்டும். நாள் முழுக்க அரக்கு என்று சொல்லட்டும்.

"அம்மா கடைசியா ஏதாச்சும் கேட்டுச்சா?"

ருக்குமணி நாற்காலியிலிருந்து மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். கணவரின் கை தட்டில் அசையாமல் நின்றது. இதை அவரிடம்கூட அவள் சொன்னதில்லை.

"உன்னையத்தான் கேட்டுச்சுக்கா. பெரியவ வந்துட்டாளான்னு."

கணவர் பக்கம் பார்க்காமல் மேலே சொன்னாள்.

"வந்துக்கிட்டே இருக்கா, நாமக்கல் தாண்டிட்டாளாமுன்னு சொன்னேன். அப்ப நான் உனக்குப் போனே பண்ணலைக்கா."

அந்தப் பக்கம் சத்தம் இல்லை.

இல்லை, இருந்தது. இங்கே ஓடும் அதே பாட்டு. ஒரு நொடி பிந்தி, ஓசூரில்.

அக்கா அழுகிறாளா, வைத்துவிடப் போகிறாளா, ஒன்றும் தெரியவில்லை. டிவியை அணைக்க ருக்குமணி ரிமோட்டை எடுத்தாள். அணைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு இங்கே முடிந்தது. பிறகு அங்கே முடிந்தது.

"நம்புச்சா?" என்றாள் அக்கா.

"ம்."

"நெசமா?"

"அவளுக்கும் சேத்து அரிசி போடுன்னுச்சுக்கா."