முதலிடத்துப் பாட்டு

"அந்தப் பொம்பளை மட்டும் என் கையில கிடைச்சா, கழுத்தை நெரிச்சிடுவேன்" என்றார் எவரெட், காபியை உறிஞ்சியபடி.

எதிரே உட்கார்ந்திருந்த டுவைட் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவன், கிடார் வாசிப்பவன். அவனைப் பிடித்துவைத்துத் தனக்குப் பிடித்த ஐம்பது பாட்டுகளின் பட்டியலைக் காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார் எவரெட். பட்டியல் என்று பெயர்தான், பாதி நேரம் அதில் இடம்பெறாதவர்களைத் திட்டுவதிலேயே போனது.

"கௌபாய் தொப்பி போட்டுப் பாடினா அது கன்ட்ரி ராக் இசை ஆயிடுமா? மாட்டைப் படத்துலகூடப் பார்த்திருக்க மாட்டானுங்க."

இப்போது முதலிடத்துப் பாட்டுக்கு வந்திருந்தார். அறுபத்தாறாம் வருஷம் பாஸ்டனில் நடந்த கச்சேரியில் கூட்டத்தின் சத்தத்தோடு அப்படியே பதிவானது அது. அதுவரை மரக் கிடாரோடு நாட்டுப்பாடல் பாடிவந்த பாடகன், அன்றுதான் முதன்முதலாக மின்சாரக் கிடாரோடு மேடை ஏறினான். நாட்டுப்பாடலுக்குத் துரோகம் என்று கூட்டம் கொதித்துவிட்டது.

ரெக்கார்டில் ஊசி இறங்கியது. கூச்சல் அத்தனையையும் மீறி ஒரு பெண்குரல் எழுந்து, முடிவில் தகரம் கிழிந்ததுபோல் பிசிறியது.

"ஒயரைப் புடுங்குடா!"

"கேட்டியா? இவளைத்தான் சொன்னேன். அங்க சரித்திரம் நடக்குது, இந்தக் கழுதைக்கு ஒயர் பெருசாப் போச்சு. முப்பது வருஷமா இந்தச் சனியனையும் சேர்த்துக் கேட்டுத் தொலைக்கிறேன்."

அவர் மனைவி கிளெண்டா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அந்தப் பாட்டு வந்தாலே அவளுக்கு அங்கே ஏதாவது வேலை இருக்கும்.

"அவளுக்கு இதெல்லாம் ஏறாது" என்றார் எவரெட், அவள் காதில் விழட்டும் என்றே. "கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. எங்க வீட்டுப் பூனைகூட இவளைவிடச் சத்தமாப் பேசும்."

சுவரில் கிளெண்டாவின் மரக் கிடார் தொங்கியது. பதினேழு வயதில், பாஸ்டனில் ஓர் உணவகத்தில் தட்டு கழுவிச் சேர்த்து வாங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து மெல்ல மீட்டுவாள். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான், எவரெட்டுக்கோ அது வெறும் கொசுச் சத்தம்.

அவர் அதைக் கழற்றி மேஜைமேல் மல்லாத்தினார்.

"இதுல ஒரு ஓட்டை போட்டு மின்சாரம் குடுத்துட்டா, மனுஷன் கேக்கற மாதிரி ஆயிடும். நீயே இந்தப் பாட்டை வாசிக்கலாம்."

டுவைட் நெளிந்தான். "அவங்களை ஒரு வார்த்தை கேட்டுடலாமே, சார்?"

"கேட்டேன். வேணாம்னா. அவ பேச்சை யாரு மதிச்சா?"

கிளெண்டா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "எவரெட், அது என்னோடது. தொடாதீங்க" என்றாள் கேட்டும் கேட்காத குரலில்.

"போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

டிரில்லிங் மெஷினின் ஒயரை இழுத்துச் செருகினார். கிடாரின் வயிற்றில் பென்சிலால் வட்டம் போட்டு, அதன் நடுவில் முனையை வைத்து அழுத்தினார். அவர் விரல் பொத்தானுக்குப் போனது.

பாட்டு எப்போதோ முடிந்திருந்தது. ஊசியும் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. ஆனாலும் அதே குரல், அதே தகரக் கிழிசலோடு, எவரெட்டின் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ஒயரைப் புடுங்குடா!"