லைப்சிக் சம்பந்தி

“இஞ்சாருங்கோ, வடைக்கு உறைப்புப் போடாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்? அந்த மனுசன் ஒரு கடி கடிச்சுப்போட்டு எழும்பி ஓடினால் மிதுசன்ரை கலியாணம் என்னாகிறது?”

பாரிஸின் ரூ லூயி-பிளாங்க் தெருவில் இருபது வருடமாக உணவகம் நடத்தும் அரியரத்தினம், தன் சொந்தக் குசினியில் நின்று மனைவி கோசலையிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வாசலில் ‘ஃபெர்மே’ பலகை தொங்கியது. கடை பூட்டு என்பதை நம்பாத இரண்டு வாடிக்கையாளர்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மகன் மிதுசன் விரும்பிய பெண் கத்ரின், ஜெர்மன்காரி. தாய் இல்லை. அப்பா ‘ஓம்’ என்றால்தான் கலியாணம் என்று ஒரே பிடியாக நின்றாள். அந்த அப்பா ஹோல்கர்தான் லைப்சிக்கிலிருந்து இன்றைக்குச் சம்பந்தம் பேச வருகிறார்.

“எங்கடை நிறத்தைப் பார்த்த உடனே முகத்தைச் சுழிப்பார், பாருங்கோ” என்று கோசலை ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். போன வருடம் ஜிஸ்லேன் என்ற தங்கமான பாண்டிச்சேரிப் பெண்ணை, ‘அவை வேறை ஆக்கள்’ என்று தட்டிக் கழித்தவளும் இவளேதான். அதை அரியரத்தினம் நினைவூட்டவில்லை. முப்பத்திரண்டு வருட இல்லறத்தில் அவர் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

ஹோல்கர் கத்ரினோடு வந்தார். ஆறடி உயரம், நரைத்த மீசை. கோசலை கை கூப்பினாள், அவரும் கூப்பினார். சுவரிலிருந்த பிள்ளையாருக்கு ஒரு சல்யூட் வைத்தார். கரண்டி வேண்டாம் என்று கையாலேயே சாப்பிட்டார். அரியரத்தினம் பழக்கதோஷத்தில் செத்தல் மிளகாயை அள்ளிப் போட்டிருந்த வடையை, கண்ணீர் வழிய வழிய மூன்று தின்றார்.

“என்ன வேலை செய்தவராம்?” கோசலை மகனின் காதைக் கடித்தாள்.

மிதுசன் ஜெர்மனில் கேட்டுச் சொன்னான். “மெஷின் ஃபக்டரியிலை ஃபோர்மனாம். பேர்லின் சுவர் இடிஞ்சு ரெண்டு வருசத்திலை, மேற்கிலை இருந்து கோட்டுப் போட்ட ஒராள் வந்து ஃபக்டரியைப் பூட்டிப்போட்டுப் போட்டாராம். பிறகு சைக்கிள் திருத்தினவராம்.”

“ஐயோ பாவம்” என்றாள் கோசலை. சம்பந்தி பாவப்படத்தக்கவர் என்று தெரிந்ததும் அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

அரியரத்தினத்துக்கும் வாய் திறந்தது. “நானும் உங்கடை கிழக்குப் பக்கத்தாலைதான் வந்தனான். எண்பத்தஞ்சிலை, மொஸ்கோ போய், அங்கையிருந்து கிழக்கு பேர்லின். ஸ்டேஷனிலை குளிரிலை நடுங்கிக்கொண்டு நிக்கிறன், உங்கடை ரயில்வேக்காரர் ஒருத்தர் தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாணிலை பாதியைப் பிச்சுத் தந்தவர்.”

மிதுசன் அதைச் சொல்லி முடிக்கவில்லை. ஹோல்கர் எழுந்து வந்து அரியரத்தினத்தை எலும்பு நொறுங்கக் கட்டிக்கொண்டார்.

“நீங்கள் தங்கடை ஆளாம்” என்றான் மிதுசன்.

“அதுக்குப் பிறகு நாங்கள்...” என்று தொடங்கிய கணவரின் வாயைக் கோசலை ஒரு கரண்டி கேசரியால் அடைத்தாள். பழம் கனிந்துவிட்டது; இனிப் பறிக்க வேண்டியதுதான். வெள்ளைக்காரரை முழுதாக நம்பவைக்க என்ன வேண்டும் என்று அவளுக்கா தெரியாது? முத்திரை குத்திய தாள். அகதி விண்ணப்பத்திலிருந்து கரண்ட் இணைப்பு வரை அவளைக் கரைசேர்த்தது அதுதான். அலுமாரியைத் திறந்து, பத்திரங்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தாள்.

ஃபைலைக் கண்டதும் மிதுசன் துள்ளி எழுந்தான். “அம்மா, நோ! அதை உள்ளுக்கை வையுங்கோ!”

“நீ சும்மா இரடா. இதிலை வெக்கப்பட என்ன கிடக்கு?”

கத்ரின் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கோசலை பொருட்படுத்தவில்லை. ஃபைலிலிருந்த மிதுசனின் பிறப்புச் சான்றிதழைச் சம்பந்தியின் முன்னால் விரித்தாள்.

“பாருங்கோ, உங்கடை பாஷை, உங்கடை சீல்! என்ரை பிள்ளை பிறந்ததே உங்கடை நாட்டிலைதான், ஸ்டுட்கார்ட்டிலை!”

மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. ஊர்ப் பெயரே போதுமாயிருந்தது.

ஹோல்கர் தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார். திரும்பவும் படித்தார். முகம் தக்காளியாகச் சிவந்தது. கேசரியைத் தள்ளி வைத்துவிட்டு, மகளைப் பார்த்து ஜெர்மனில் வெடித்தார். கத்ரின் அழத் தொடங்கினாள்.

கோசலையின் கண்களும் நிறைந்துவிட்டன. “நான் சொன்னனான்தானே? வடையைத் திண்டு, கட்டிப்பிடிச்சு, எல்லாம் செய்துபோட்டுக் கடைசியிலை எங்கடை நிறத்திலை வந்து நிக்கிறார்.”

மிதுசன் தலையில் கை வைத்தபடி கதிரையில் சரிந்தான்.

“நிறமில்லை அம்மா. மேற்கு ஜெர்மன்காரனுக்குப் பொம்பிளை குடுக்க மாட்டாராம்!”